வாக்கும் வரியும்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் விரிவுரை முடிந்து வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தின் வாயிலில் என்னோடு ஒதுங்கி நின்ற மாணவர் ஒருவர் சிறிது தயக்கத்துடன், "ஐயா, இரண்டு மணி நேரம் வரியைப் பற்றிப் பேசினீர்கள். உழைப்பவர்களுக்கு அது பயன்படும். ஒரு சதமேனும் உழைக்காத எங்களுக்கு, வரியே செலுத்தாத எங்களுக்கு, இதனால் ஆவதென்ன?" என்று கேட்டார். அவ்வினாவிற் குறும்பு சிறிதும் இல்லை. உள்ளத்தில் எழுந்ததையே அவர் கேட்டார். அவர் கையிற் புதுக் குடை ஒன்று இருந்தது. அதன் விலை என்ன என்று வினவினேன். பெரிய கடையொன்றில் வாங்கியதாகக் கூறிப் பற்றுச்சீட்டையும் எடுத்துக் காட்டினார். மொத்தம் 1,770 ரூபா. "அப்படியானால் நீர் 270 ரூபா வரி செலுத்திவிட்டீர்" என்றேன். அவர் அச்சீட்டை மீண்டும் ஒருமுறை உற்றுநோக்கினார்.

மழை ஓயும்வரை நடந்த அந்த உரையாடலையே சற்று ஒழுங்குபடுத்தி இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வர்த்தகம் பயில்வோர்க்கு மட்டும் உரியதன்று இவ்விடயம். நாளை மருத்துவராகவோ ஆசிரியராகவோ பொறியியலாளராகவோ கடைக்காரராகவோ வாழப்போகும் எல்லோர்க்கும் உரியது.

முதலில், வரி என்பது யாது? கடையிற் பணம் கொடுத்தால் அதற்கு ஈடாகப் பொருள் கிடைக்கிறது. அது விலை. தபால் முத்திரை வாங்கினால் நமது கடிதம் போய்ச் சேருகிறது. அது கட்டணம். வரிக்கோ இவ்வாறு நேருக்கு நேரான ஈடு இல்லை. நூறு ரூபா செலுத்தியவர் நூறு ரூபாவுக்குரிய வைத்தியத்தைக் கேட்டுப் பெற முடியாது. ஒன்றுமே செலுத்தாத ஏழைக்கும் அதே வைத்தியசாலையின் கதவு திறந்திருக்கிறது. அன்றியும், விலையையும் கட்டணத்தையும் வேண்டாமென்று விலக்கிக்கொள்ளலாம்; வரியை அவ்வாறு விலக்க இயலாது. கட்டாயமும் நேரடிக் கைம்மாறு இன்மையுமே வரியின் இலக்கணம் எனலாம். கைம்மாறு இல்லாத ஒன்றைக் கட்டாயமாகக் கேட்பதற்கு அரசுக்கு என்ன அதிகாரம் என்ற வினா இங்கே தானாக எழுகின்றது.

இவ்வினாவிற்கு நம் நாட்டு வரலாறு விடை கூறுகின்றது. 1848 ஆம் ஆண்டில் ஆளுநர் டொரிங்டன் பிரபுவின் ஆட்சியில் நாய், துப்பாக்கி, கடை, வண்டி, வள்ளம் என ஒவ்வொன்றின் மீதும் புது வரிகள் எழுந்தன. அவற்றோடு வளர்ந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அல்லது 3 சிலிங் செலுத்துதல் வேண்டும் என்ற விதியும் பிறந்தது. இவற்றை விதித்தோரைக் குடிமக்கள் தெரிவுசெய்யவில்லை. இவற்றைப் பற்றி அவர்களிடம் எவரும் கேட்கவும் இல்லை. அவ்வாண்டு ஜூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி மூண்டது. படைச்சட்டம் பிரகடனமாயிற்று, புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். பிரித்தானியப் பாராளுமன்றத்திலே விசாரணை நிகழ்ந்து, இறுதியில் ஆளுநரும் பதவியை இழந்தார். மக்களின் இசைவின்றி எழுந்த வரிக்கு அக்காலம் கொடுத்த விலை அது.

எண்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்து, 1931 ஆம் ஆண்டில், இந்நாட்டு மக்கள் ஆண் பெண் என்ற வேறுபாடின்றிச் சர்வசன வாக்குரிமை பெற்றனர். அடுத்த ஆண்டிலே, அதாவது 1932 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், வருமான வரி இங்கே முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. வாக்கும் வருமான வரியும் அடுத்தடுத்த ஆண்டுகளிற் பிறந்த உடன்பிறப்புக்கள் என்று நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு. இன்று நடைமுறையிலுள்ள 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் 148 ஆம் உறுப்புரையில் இவ்வுறவை உறுதிசெய்கின்றது. பொது நிதியின் மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது. சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வித வரியும் விதித்தலாகாது. பாராளுமன்றத்தை ஆக்குவது நமது வாக்கு. ஆகவே வரி விதிக்கும் கை, ஒரு வகையில், நமது கையேயாகும். அக்கை என்ன செய்கிறது என்பதை அறியாதிருத்தல் நமக்கு அழகன்று.

இனி, அந்தக் குடைக்கு வருவோம். வரிகள் இருவகைப்படும். வருமானம் பெறுபவரே நேரிற் செலுத்துவது நேர்வரி. வியாபாரி செலுத்தினும், விலையோடு சேர்ந்து வாங்குவோர் தலையிற் சென்று பொறுப்பது மறைமுக வரி. குடையின் மீதுள்ள பெறுமதி சேர் வரி இரண்டாவது வகையினது. 1998 ஆம் ஆண்டிற் பொருட்கள் சேவைகள் வரி என்ற பெயரில் வந்து, 2002 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் பெறுமதி சேர் வரியாக மாறிய இவ்வரியின் வீதம், 2024 ஜனவரி 1 ஆம் திகதி முதல் நூற்றுக்கு 18 ஆகும்.

இது இயங்கும் விதத்தைப் பாருங்கள். குடை செய்பவர் தாம் வாங்கிய துணிக்கும் கம்பிக்கும் செலுத்திய வரியை, கணக்கின் எளிமை கருதி, ஒருபுறம் வைப்போம். அவர் குடையை 1,000 ரூபாவுக்குக் கடைக்காரர்க்கு விற்கிறார். அதனோடு 180 ரூபா வரி சேர்த்து அறவிட்டு அரசுக்கு அனுப்புகிறார். கடைக்காரர் அதனை 1,500 ரூபாவுக்கு விற்கும்போது 270 ரூபா வரி சேர்த்து 1,770 ரூபா பெறுகிறார். ஆயினும் அந்த 270 ரூபாவையும் அவர் அனுப்ப வேண்டியதில்லை. தாம் ஏற்கெனவே கொடுத்த 180 ரூபாவைக் கழித்து எஞ்சிய 90 ரூபாவையே அனுப்புகிறார். அவர் அப்பொருளிற் சேர்த்த பெறுமதி 500 ரூபா. அதற்கு நூற்றுக்கு 18 வீதம் 90 ரூபா. பெயரின் பொருள் இப்போது தெளிவாகும். அரசுக்குச் சேர்ந்தது 180 உம் 90 உமாக 270. அதை இறுதியாகச் சுமந்தவர் நமது மாணவரே.

இங்கே இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளுங்கள். சட்டம் குறித்த விற்பனை எல்லையைத் தாண்டிப் பதிவு பெற்றவரே இவ்வரியை அறவிடலாம். பதிவு இலக்கமின்றி வரி என்று தனியே எழுதிப் பணம் கேட்பவர் அரசின் பெயரால் நம்மிடம் பணம் பறிக்கிறார். பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். அதிலுள்ள இலக்கத்தைப் பாருங்கள். மற்றைய செய்தி இன்னும் பெரிது. அதே குடையைத் தோட்டத் தொழிலாளி வாங்கினாலும் வரி 270 ரூபா. பெருஞ்செல்வர் வாங்கினாலும் 270 ரூபா. ஒருவர்க்கு அது நாட்கூலியின் ஒரு கூறு. மற்றவர்க்கோ கணக்கிலேயே வாராத சிறுகாசு. இந்நாட்டு வரி வருவாயின் பெரும்பகுதி நெடுங்காலமாக இத்தகைய மறைமுக வரிகளிலிருந்தே வருகின்றது. "நான் வரி செலுத்துவதில்லை" என்று சொல்லும் உரிமை இந்நாட்டில் எவர்க்கும் இல்லை என்பதன் காரணம் இதுவே.

அடுத்து, வருமான வரி. வருமானம் மிகுந்தவரிடம் மிகுதியாகவும் குறைந்தவரிடம் குறைவாகவும் பெறுவதற்கு ஏற்ற வரி இதுவே. நமது சட்டத்தின்படி மதிப்பீட்டாண்டு என்பது ஏப்ரல் 1 ஆம் திகதி தொடங்கி மறு ஆண்டு மார்ச் 31 ஆம் திகதி முடிவது. வேலையால் வரும் சம்பளம், தொழிலால் வரும் இலாபம், முதலீட்டால் வரும் வட்டி, வாடகை, பங்கிலாபம் என வருமானத்தின் ஊற்றுக்கள் பல. அவற்றையெல்லாம் கூட்டி, அதிலிருந்து சட்டம் அனுமதிக்கும் தனிநபர் நிவாரணத்தைக் கழித்தால் எஞ்சுவதே வரிக்குரிய வருமானம். 2025/2026 மதிப்பீட்டாண்டுக்கு அந்நிவாரணம் 1,800,000 ரூபா. அதாவது மாதம் சராசரி 150,000 ரூபாவரை பெறுபவர்க்கு வருமான வரி இல்லை. அதற்கு மேற்பட்ட முதல் 1,000,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 6, அடுத்துவரும் ஒவ்வொரு 500,000 ரூபாவுக்கும் முறையே 18, 24, 30, எஞ்சியதற்கு 36.

இப்படிகளைப் பற்றிப் பட்டதாரிகளிடையேயும் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. "சம்பளம் கூடினால் மேற்படிக்குப் போய்விடுவேன்; முழுச் சம்பளத்திற்கும் 18 வீதம் வெட்டிவிடுவார்கள்; ஆதலால் சம்பள உயர்வே வேண்டாம்" என்று அஞ்சுவோரைக் கண்டிருக்கிறேன். இது பிழை. மாதம் 250,000 ரூபா பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 3,000,000. நிவாரணம் போக வரிக்குரியது 1,200,000. முதல் 1,000,000 ரூபாவுக்கு 60,000 ரூபா. எஞ்சிய 200,000 ரூபாவுக்கு மாத்திரமே 18 வீதம், அதாவது 36,000 ரூபா. மொத்தம் 96,000; மாதம் 8,000 ரூபா. அவரது முழு வருமானத்தோடு ஒப்பிட்டால் அது நூற்றுக்கு 3 வீதத்தைச் சற்றே தாண்டும். மாடிப்படியில் ஏறுபவர் மேற்படிக்குப் போனதால் கீழ்ப்படிகளின் உயரம் மாறிவிடுவதில்லையே! வரிப்படியும் அவ்வாறே. எல்லையைத் தாண்டிய ரூபாவுக்கே புதிய வீதம்.

ஊழியர்க்குரிய வரியைச் சம்பளம் கொடுக்கும்போதே கழித்து அரசுக்கு அனுப்புவது தொழில்கொள்வோரின் கடமை. சம்பளச் சீட்டிலே அக்கழிவு இருக்கும். அதை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வங்கி வட்டியிலிருந்தும் 2025 ஏப்ரல் 1 ஆம் திகதி முதல் நூற்றுக்கு 10 வீதம் முன்னதாகவே கழிக்கும் முறை வந்தது. மொத்த வருமானம் நிவாரண எல்லைக்குட்பட்டவர் அதனை உறுதிசெய்யும் பத்திரத்தை வங்கிக்குக் கொடுத்து அக்கழிவிலிருந்து விலக்குப் பெறலாம். சேமிப்பு வட்டியை நம்பி வாழும் உங்கள் பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் இவ்வொரு செய்தியைச் சொல்லி, அப்பத்திரத்தை நிரப்பிக் கொடுத்தால், நீங்கள் பயின்ற பாடம் அன்றே பயன் தந்ததாகும்.

சம்பளம் அன்றி வேறு வகையில் உழைப்போரும் உங்களுள் உளர். மாலை வேளையில் வகுப்பு நடத்துவோர், வீட்டிலிருந்தவாறே கணினி வழியாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்வோர் முதலியோரைக் குறிப்பிடுகிறேன். கையிற் காசாக வந்தாலும் கணக்கில் வரவாக வந்தாலும் வருமானம் வருமானமே. வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்காக அந்நியச் செலாவணியில் வந்த வருமானம் முன்னர் விலக்குப் பெற்றிருந்தது. 2025 ஏப்ரல் முதல் அதுவும் வரிக்குட்பட்டது. எனினும் வங்கி வழியாக நாட்டுக்குக் கொண்டுவரப்படும் அவ்வருமானத்தின் மீதான உயர்ந்த வீதம் 15 ஆக மட்டுப்படுத்தப்பட்டது.

இனி, வியாபாரத்துக்கு வருவோம். பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே எழுதுகருவிகளும் நிழற்பிரதியும் விற்கும் கடையொன்றைக் கற்பனை செய்வோம். ஆண்டு விற்பனை 7,200,000 ரூபா. "இவ்வளவுக்கும் வரியா?" என்று உரிமையாளர் திடுக்கிடலாம். விற்பனை வருமானமன்று, இலாபமே வருமானம். ஆண்டு தொடங்கியபோது கடையிலிருந்த சரக்கு 600,000. ஆண்டில் வாங்கியது 3,800,000. ஆண்டு முடிவில் விற்காமல் எஞ்சியது 800,000. எனவே விற்ற சரக்கின் அடக்கவிலை 3,600,000. மொத்த இலாபமும் 3,600,000. இதிலிருந்து கடை வாடகை 480,000, உதவியாளர் சம்பளம் 720,000, மின்சாரமும் தொலைபேசியும் 180,000, திருத்தவேலை 60,000 ஆகியவற்றைக் கழிக்கலாம்; இவை யாவும் வருமானத்தை ஈட்டுவதற்காகச் செய்த செலவுகள். அவற்றின் கூட்டுத்தொகை 1,440,000.

அவர் அவ்வாண்டில் 500,000 ரூபாவுக்குக் கணினி ஒன்றை அதன் துணைக்கருவிகளோடு வாங்கினார் என்க. அதை முழுவதும் அவ்வாண்டே கழிக்க முடியாது. கணினி பல ஆண்டு உழைக்கும். ஆதலின் அதன் விலையையும் ஐந்து ஆண்டுக்குப் பகிர்ந்து ஆண்டுக்கு 100,000 வீதம் மூலதனப்படியாகக் கழிக்கச் சட்டம் இடமளிக்கின்றது. இப்போது எஞ்சும் இலாபம் 2,060,000. நிவாரணம் 1,800,000 போக 260,000. அதற்கு 6 வீதம் 15,600 ரூபா. ஏழு மில்லியனுக்கு மேல் விற்பனை என்று திடுக்கிட்டவர், ஆண்டு முழுவதற்கும் செலுத்த வேண்டியது இவ்வளவே.

ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. அவர் வீட்டுச் செலவுக்காகக் கடைப்பெட்டியிலிருந்து மாதம் 50,000 ரூபா எடுக்கிறார். மகளின் படிப்புக்காகவும் எடுக்கிறார். இவற்றையும் கடைச் செலவு என்று எழுதினால் வரி மறைந்துபோகும். சட்டமோ அதனை ஏற்காது. தமது இலாபத்தைத் தாமே எடுத்துச் செலவழிப்பது இலாபத்தைக் குறைப்பதாகாது. சிறு வியாபாரிகள் பலர் இடர்ப்படுவது பெரும்பாலும் வஞ்சகத்தால் அன்று; வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒரே பெட்டியிற் போடுவதால். இரண்டு கொப்பிகளும் இரண்டு வங்கிக் கணக்குகளும் வைத்துக்கொண்டால் அவ்விடரிற் பாதி தீரும்.

அதே கடையை ஒரு கம்பனியாகப் பதிவுசெய்தால் நிலைமை வேறு. கம்பனி, அதனை நடத்துபவரினின்றும் வேறான ஒரு சட்ட ஆள். 1897 ஆம் ஆண்டிற் சலமன் வழக்கிலே பிரித்தானியப் பிரபுக்கள் சபை இதனை உறுதியாக நிறுவியது. வேறான ஆள் ஆதலின் வேறாகவே வரி செலுத்த வேண்டும். தனிநபர் நிவாரணம் அதற்கு இல்லை. 2022 ஒக்டோபர் முதல் கம்பனிகளுக்குரிய பொது வீதம் நூற்றுக்கு 30. கம்பனி என்ற பெயர்ப்பலகையின் கவர்ச்சிக்காக மட்டும் பதிவு செய்பவர் இதனை முதலிற் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

வரியைக் குறைக்க முயல்வது குற்றமா என்று மாணவர் அடிக்கடி கேட்பர். சட்டம் தந்த கழிவுகளையும் நிவாரணங்களையும் முறையாகப் பயன்படுத்துவது குற்றமன்று. சட்டத்திற்குட்பட்டுத் தன் காரியங்களை ஒழுங்குசெய்ய ஒவ்வொருவர்க்கும் உரிமை உண்டென 1935 ஆம் ஆண்டில் வெஸ்ற்மின்ஸ்ரர் கோமகன் வழக்கிலே தீர்ப்பாயிற்று. அவ்வுரிமைக்கும் எல்லை உண்டு. வரியைத் தவிர்ப்பதற்கென்றே புனைந்த போலி ஏற்பாடுகளைப் புறந்தள்ளும் அதிகாரம் இன்றைய சட்டங்களில் இருக்கின்றது. வருமானத்தை மறைப்பதும், பொய்ச் சீட்டு எழுதுவதும், இரண்டு கணக்கு வைப்பதும் வரி ஏய்ப்பு. அது தண்டனைக்குரிய குற்றம். திட்டமிடல் பகலிற் செய்யக்கூடியது. ஏய்ப்புக்கு இருள் வேண்டும்.

நேயர்களே, இதுவரை கூறியவை கணக்குகள். இக்கணக்குகளால் ஆவதென்ன என்று கேட்டால், ஒரே சம்பளத்தை மூன்று ஆண்டுகளில் வைத்துக் காட்டுகிறேன். மாதம் 200,000 ரூபா, ஆண்டுக்கு 2,400,000 ரூபா பெறும் ஒருவர் 2021/2022 மதிப்பீட்டாண்டிற் செலுத்திய வருமான வரி ஒன்றுமில்லை. அன்று நிவாரணம் 3,000,000 ரூபா. 2024/2025 ஆம் ஆண்டில் அதே சம்பளத்துக்கு 126,000 ரூபா, அன்று நிவாரணம் 1,200,000 ரூபா மாத்திரமே, படிகளும் நெருக்கமானவை. 2025/2026 ஆம் ஆண்டில் அது 36,000 ரூபா. ஆள் ஒருவரே, உழைப்பும் ஒன்றே. மாறியது சட்டம். சமத்துவம், நிச்சயம், வசதி, சிக்கனம் என வரிக்கு நான்கு இலக்கணம் வகுத்தார் அடம் சிமித், 1776 ஆம் ஆண்டில். அவற்றுள் நிச்சயம் என்ற இலக்கணம் நம் நாட்டில் அந்த ஆண்டுகளிற் பட்ட பாட்டை இந்த மூன்று எண்களும் உரைக்கும்.

இம்மாற்றங்கள் ஏன் நேர்ந்தன? 2019 டிசம்பர் 1 ஆம் திகதி முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆகக் குறைந்தது. அதற்குப் பதிவு பெறவேண்டிய விற்பனை எல்லை ஆண்டுக்கு 12 மில்லியனிலிருந்து 300 மில்லியன் ரூபாவாக உயர்ந்தது. 2020 ஜனவரி முதல் வருமான வரி நிவாரணமும் மேற்சொன்னவாறு பெருகிற்று. சம்பளத்திற் கட்டாயமாகக் கழிக்கும் முறையும் நின்றது. நம்மிற் பலர் மகிழ்ந்தோம். மாதச் சம்பளத்தில் மீந்த சில ஆயிரங்களைக் கண்டோம். அரசின் பெட்டியிற் குறைந்த கோடிகளைக் காணவில்லை. 2021 ஆம் ஆண்டில் அரசின் வரி வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 8 வீதத்துக்கும் கீழே இறங்கியது.

வரிக்குறைப்பு ஒன்றே பின்வந்த இடருக்குக் காரணம் என்று கூறேன். பெருந்தொற்று நோய், உல்லாசப் பயணத் துறையின் வீழ்ச்சி, முன்னைய கடன்களின் சுமை, இரசாயனப் பசளைத் தடை எனப் பல காரணங்கள் ஒருங்கு கூடின. ஆயினும் வருவாய் வற்றிய அரசுக்கு வெளிநாட்டார் கடன் கொடுக்கத் தயங்கினர். துண்டுவிழும் தொகையை நிரப்பப் பணம் அச்சிடப்பட்டது. அந்நியச் செலாவணி கரைந்தது. 2022 மார்ச் மாதத்தில் மேல் மாகாணத்திலே, அச்சிடுவதற்குத் தாள் இன்மையால், பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. பின்னர் வரி மீண்டும் ஏறியது. இம்முறை இருமடங்கு வேகத்தில். 8 ஆக இருந்த பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12 ஆகவும், செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. அன்று நாம் செலுத்தாது விட்டதை விலைவாசியாகவும் வரிசையாகவும் வெறுமையான அலுமாரியாகவும் செலுத்தினோம். மாதம் மூன்று இலட்சம் உழைப்போர்க்குக் கிடைத்த சலுகையின் விலையை, சம்பளச் சீட்டையே காணாத கூலியாளும் அரிசி விலையிற் சேர்த்துக் கொடுத்தார்.

2019 ஆம் ஆண்டின் இறுதியில், "இக்குறைப்பால் விழும் பள்ளத்தை எதனால் நிரப்புவீர்கள்?" என்று வாக்காளர் பலர் உரத்துக் கேட்டிருப்பின் வரலாறு சற்று வேறாக அமைந்திருக்கலாம். கேட்பதற்கு முதலிற் கணக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். வரி குறைந்தது என்றால் கைதட்டவும் கூடியது என்றால் கூச்சலிடவும் படிப்பறிவு தேவையில்லை. யாரிடமிருந்து குறைந்தது, யார்மீது ஏறியது, எந்தச் செலவு நின்றது என்று கேட்பதற்கே பல்கலைக்கழகத்துப் படிப்பு தேவை.

அப்படிப்பும் வரியின் விளைவே. 1945 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிற் கல்வி இலவசம் என்கிறோம். இலவசம் என்பது பெறுபவர் நோக்கிற் சொன்ன சொல். விரிவுரையாளரின் சம்பளம், நூலகத்தின் நூல், ஆய்வுகூடத்தின் கண்ணாடிக் குழாய் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எவரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அவர்களுட் பலர் பல்கலைக்கழக வாயிலையே கண்டிராதவர்கள். சவர்க்காரம் வாங்கும்போதும் குடை வாங்கும்போதும் உங்களுக்காகச் செலுத்தியவர்கள்.

நிறைவாக, நீங்கள் செய்யவேண்டியவை சில. 2024 ஆம் ஆண்டு தொடக்கம் 18 வயது நிரம்பியோர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெறவேண்டும் என்ற விதி வந்தது. இலக்கம் பெற்றதால் வரி செலுத்த வேண்டும் என்பதில்லை. பதிவு வேறு, வரி வேறு. அச்சமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள். உழைக்கத் தொடங்கியதும் சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று, கொள்வனவுச் சீட்டு ஆகியவற்றை ஆண்டுவாரியாக ஒரு கோவையில் இட்டு வையுங்கள். விபரத்திரட்டு அனுப்பவேண்டிய கடப்பாடு உண்டாயின், மார்ச் மாதத்தில் முடிந்த ஆண்டுக்குரியதை அவ்வாண்டு நவம்பர் 30 ஆம் திகதிக்குள் அனுப்புங்கள். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வெளிவரும்போது உங்கள் குடும்பத்தின் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அயலவர் குடும்பத்தின் கணக்கையும் வைத்துப் பாருங்கள்.

அன்று மழை விட்டபின் அம்மாணவர் குடையை விரிக்காமலே படியிறங்கினார். சற்றுத் தூரம் போய்த் திரும்பி வந்து, "ஐயா, அந்த 270 ரூபா இப்போது எங்கே இருக்கும்?" என்று கேட்டார். "அது திரட்டு நிதியத்துக்குப் போயிருக்கும். அங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உமக்கு உண்டு. கேட்டுக்கொண்டே இரும்" என்றேன். உங்களிடமும் அதனையே வேண்டுகிறேன்.